கையை எடுத்தால் நிற்கும்

கையை எடுத்தால் அது நடுவுக்கு வந்து நின்றுகொள்கிறது. அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ரோடு ரோலரில் லீவரை முன்னால் தள்ளினால் தள்ளின இடத்தில் கிடக்கும், பின்னால் இழுத்தால் இழுத்த இடத்தில் கிடக்கும், நாமாகப் போய் மாற்றுகிற வரைக்கும் அங்கேயே இருக்கும். வேலைக்காலம் முழுக்க அப்படிப்பட்ட லீவரோடுதான் நான் இருந்தேன். இந்தக் குச்சி அப்படியில்லை. பிடித்துத் தள்ளுகிற வரைக்கும் தள்ளின பக்கம் வருகிறது, விட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி நடுவில் வந்து நட்டமாக நிற்கிறது. ஜாய்ஸ்டிக் என்று பெயர் சொன்னாள் ரஞ்சனி. எனக்குக் குச்சி என்றுதான் வருகிறது. இடது கைக்கு ஒரு சின்ன லீவர் இருக்கிறது, அது வேகத்துக்கு, அது மட்டும் வைத்த இடத்தில் நிற்கும், அதனால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை. கம்ப்யூட்டர் விளையாட்டு இது. திரையில் கருப்பு. புதுத் தார் மாதிரி கருப்பு. அதில் நட்சத்திரங்கள், இன்னும் அமுக்காத ஜல்லி மாதிரி சிதறிக் கிடக்கின்றன. ஒரு ஓரத்தில் மஞ்சளாக ஒரு கிரகம், அதைச் சுற்றி ஒரு வளையம். என் சரக்குக் கப்பல் அதற்கு எதிரில் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்லக்கூடாது, நடுங்குகிறது. என் கைதான் நடுங்குகிறது, அது குச்சியில் ஏறி, குச்சியிலிருந்து வயரில் ஏறி, அங்கே ஆளில்லாத வானத்தில் அத்தனை பெரிய கப்பலை ஆட்டுகிறது. இன்று மத்தியானம் ரஞ்சனி தன் சின்னக் கப்பலில் வந்து இதன் மேல் இறங்கப்போகிறாள். அயர்லாந்தில் அவள் வீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள், திருமங்கலத்தில் என் வீட்டு மாடியில் நான் உட்கார்ந்திருப்பேன், ஆனால் வானத்தில் ஒரே இடத்தில் இருப்போம். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் வந்து இறங்குகிற வரைக்கும் கப்பலை அசையாமல் வைத்திருக்க வேண்டும். அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அம்மா என் தங்கை தவமணி. தவமணியோடு எனக்குப் பேச்சு கிடையாது.

இன்னும் நேரமிருக்கிறது. ஒருதரம் இடது பக்கம் திருப்பிப் பார்ப்போம். திருப்பினேன், போய்விட்டது, கிரகம் தலைக்கு மேலே போய், காலுக்குக் கீழே வந்து, மறுபடி தலைக்கு மேலே போகிறது, கையை எடு, கையை எடு, எடுத்தேன், நின்றுவிட்டது. எப்போதும் இதே தப்புதான். ரோலர் ஓட்டினவன் கை இது. பழைய ரோலரில் ஸ்டியரிங்கைச் சுற்று சுற்று என்று சுற்ற வேண்டும், தோள் கழன்றுவிடும், அதற்கப்புறம்தான் முன் உருளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்து மெதுவாக முகத்தைத் திருப்பும். அதனால் வளைவு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே திருப்ப ஆரம்பித்து, முழுசாகத் திருப்பிவிட்டு, காத்திருப்போம். இந்தக் குச்சிக்கு நினைத்தால் போதும். ஆரம்பத்தில் நான் முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பட்டும் என்று காத்திருந்தேன். கப்பல் கிறுகிறுவென்று சுற்றி, எனக்கு வாந்தி வந்து, செல்லத்தாய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாந்தியெடுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அவள் என் பெண்டாட்டி, எதையும் பேசுவாள். இன்னொரு நாள் சூரியனுக்குள்ளேயே போய்விட்டேன். பெரிதாகப் பெரிதாக அழகாக இருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன், திரை வெள்ளையாகிப் பிறகு சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. நான் படித்தது அஞ்சாவது, அதுவும் முழுசாக இல்லை, இங்கிலீஷ் எழுத்தை நிறத்தை வைத்துத்தான் படிக்கிறேன், பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் செத்தோம். போனில் ரஞ்சனி விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, எல்லாரும் சூரியனைக் கும்பிடுவாங்க, நீங்க உள்ளயே போயிட்டீங்க." அந்தச் சிரிப்பு தவமணியின் சிரிப்பு. பாவாடை கட்டின வயதில் தவமணி அப்படித்தான் சிரிப்பாள், மூச்சு நின்றுபோய் ஒரு விக்கல் மாதிரி வந்து முடியும். நான் போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க என்ன இருக்கிறது, போன்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மறக்கிறவன் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, உயரம் குள்ளம் மாதிரி இதுவும் ஒன்று. கள்ளிக்குடி ரோட்டு வேலையில் ஒரு இஞ்சினியர் என்னை ஏய் என்று கூப்பிட்டான், அவன் செத்துப்போனது தெரிந்தும் அந்த ஏய் எனக்குள் சாகவில்லை. செல்லத்தாயின் தம்பி ஏணி வாங்கிப்போனான், திருப்பித் தரும்போது ஒரு படி உடைந்திருந்தது, அவன் வீட்டுக் காப்பியை அன்றைக்கு விட்டேன். கீழ்வீட்டுக்காரர் என் பெயரைச் சன்னாசி என்று சொல்லாமல் மாடிக்காரர் என்று சொல்லுகிறார், சொல்லட்டும், நானும் அவர் பெயரைச் சொல்வதில்லை. இவையெல்லாம் சில்லறை. காசிமாயன்தான் பெரிசு. காசிமாயன் என் பெரியப்பா மகன். என் தங்கை பிள்ளைக்குக் காது குத்தும்போது அவன் மடியில் உட்காரவைத்தார்கள். தாய்மாமன் நான் உயிரோடு இருக்கும்போது, வந்துகொண்டிருக்கும்போது, அவன் மடியில். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். சும்மா உட்காரவைத்துக்கொள்வது இல்லை அது. பிள்ளையின் தலையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஆசாரி கம்பியைக் கொண்டுவரும்போது பிள்ளை இம்மி அசையக்கூடாது, அது வீறிட்டு அழும், அழ அழப் பிடிக்க வேண்டும், பிடித்தது தெரியாமல் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை என்னிடம் இருந்தது. அப்போது நடுங்காத கை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதற்கப்புறமும் இல்லை, தவமணிக்கும் இந்த ஒன்றுதான். ஆக, என் மடிக்கு வர இருந்தது உலகத்திலேயே அந்த ஒரு பிள்ளைதான்.

ரெண்டு சீர்த்தட்டு. ஒன்று என்னிடம், ஒன்று செல்லத்தாயிடம். பழம், தேங்காய், பட்டுப்பாவாடை, மாலை, ரோஸ் தாளில் சுற்றின தோடு. விடிவதற்கு முன்னால் புறப்பட்டோம், நான் நேரங்காலம் தெரியாதவன் இல்லை. உசிலம்பட்டியைத் தாண்டினதும் பஸ் நின்றது. எட்டிப் பார்த்தால் முன்னால் தார் போடுகிறார்கள். ரோலர் போய்விட்டு வருகிறது, போய்விட்டு வருகிறது. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று, அவனை அவசரப்படுத்த முடியாது, தார் ஆறுவதற்குள் அமுக்க வேண்டும், நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். எத்தனை பஸ் என் ரோலருக்கு முன்னால் அப்படி நின்றிருக்கும், ஜன்னலில் எத்தனை முகம் எட்டிப் பார்த்திருக்கும், எவன் மடிக்கு எந்தப் பிள்ளை காத்திருந்ததோ, ஒருநாளாவது நினைத்திருப்பேனா. இறங்கி நடந்தோம். ஓரத்தில் கூட இடமில்லை, சூடான தாரிலேயே நடந்தோம். தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு செல்லத்தாய் பின்னால் வருகிறாள், என் செருப்பு அடிக்கு ஒருதரம் ஒட்டிக்கொள்கிறது, பிடுங்கிப் பிடுங்கி நடக்கிறேன். தார் வாசனை எனக்கு வீட்டு வாசனை மாதிரி, அன்றைக்கு மட்டும் குமட்டியது. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம், காதில் மஞ்சளும் ரத்தமும், காசிமாயன் மடியில் உட்கார்ந்து பிள்ளை மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. அவ்வளவு அழுத பிறகும் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிக்கப் பார்த்தது. நான் தட்டைக் கீழே வைக்கவில்லை. திரும்பிவிட்டேன். வாசலில் செருப்பு கல்லோடு ஒட்டிக்கிடந்தது, இழுத்தேன் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். பஸ் நிற்கிற இடம்வரைக்கும் தவமணி ஓடிவந்தாள், கையில் என் செருப்பு, எப்படிப் பிடுங்கினாளோ தெரியாது. "அண்ணே, நேரம் போயிருச்சுண்ணே, பெரியவுக போட்டு நச்சரிச்சுட்டாக, நான் என்னண்ணே செய்வேன்." நான் செருப்பை வாங்கவில்லை. காத்திருந்திருக்கலாம். நல்ல நேரம் போனால் இன்னொரு நல்ல நேரம் வரும், ஒரு வருடத்தில் எத்தனையோ வருகிறது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கலாம்.

எண்ணெயில் தாளிக்கிற வாசனை வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கறி. அடுப்படியில் செல்லத்தாய் போனில் யாரிடமோ மெதுவாகப் பேசுகிறாள். யாரிடமோ என்ன, தவமணியிடம்தான். இத்தனை காலமும் எனக்குத் தெரியாமல் பேசுகிறாள், எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். குக்கர் சத்தம் வருகிற நேரமாகப் பார்த்துப் பேசுவாள். விசில் அடங்கினால் பேச்சும் அடங்கும். அப்படித்தான் எனக்குச் செய்தி வந்தது, பிள்ளை பத்தாவதில் நல்ல மார்க், பிள்ளை இஞ்சினியரிங், பிள்ளை வெளிநாடு. எல்லாம் குக்கர் விசிலில் வந்த செய்தி. போன சித்திரையில் ஒருநாள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, கையில் ஒரு பை, நின்று, "மாமா" என்றாள். கேட்டுக்கொள்ளுங்கள், என்னை அதற்கு முன்னால் யாரும் மாமா என்று கூப்பிட்டதில்லை. தெருவில் கூப்பிடுவார்கள், அது வேறு. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தேன். வலது காதில் ஓட்டை நடுவில் இருந்தது. இடது காதில் கோணலாக, கீழே தள்ளி, ஓரத்துக்குப் போய் இருந்தது. கம்மல் அந்தப் பக்கம் மட்டும் தலை சாய்ந்து தொங்கியது. அசைந்திருக்கிறது பிள்ளை. காசிமாயனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. உள்ளே எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, மறுநிமிடம் அந்தக் காதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது, இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷன் என்ன செய்வான், தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். பீரோவில் செல்லத்தாயின் சேலைக்கு அடியில் அந்தத் தோடு சுற்றின ரோஸ் தாள் இன்னும் இருக்கிறது. எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். மூடிவிட்டேன். ரஞ்சனி எதையும் கேட்கவில்லை, நாள் பூராவும் என்ன செய்கிறீர்கள் மாமா என்று மட்டும் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றேன். ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கம்ப்யூட்டரை இங்கே விட்டுவிட்டுப் போனாள். குச்சி பிறகு ஒரு ஆள் மூலமாக வந்தது. அந்த வீட்டுப் பொருள் என்று நான் தொடவில்லை, துண்டைப் போட்டு மூடிவைத்திருந்தேன். போனில் பேசினால் எனக்கு இரண்டு வார்த்தைக்குமேல் வராது, சாப்பிட்டியா, மழையா, அதோடு தீர்ந்துபோகும், அவள் அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்கும், நான் இந்தப் பக்கம். அப்போதுதான் சொன்னாள். "இதுல பேசவே வேண்டாம் மாமா. சும்மா பக்கத்துல பக்கத்துல போயிட்டிருக்கலாம்." அன்றைக்கு மத்தியானம் துண்டை எடுத்தேன்.

பெரிய கப்பலை எனக்கு அவள்தான் கொடுத்தாள். மற்றக் கப்பல்கள் தட்டான் மாதிரி பறக்கின்றன, இது மட்டும் மெதுவாகத் திரும்பும், உங்கள் ரோலர் மாதிரி என்றாள். ரோலரைவிட இது எவ்வளவோ வேகம், ஆனால் அப்படி அவள் யோசித்துப் பார்த்துக் கொடுத்தது எனக்குப் பிடித்தது. சில சாயந்திரங்களில் அவளுக்கு லீவு என்றால் நாங்கள் போவோம். அவளுடைய சின்னக் கப்பல் முன்னால், ஒரு நீல வெளிச்சம், அதன் பின்னால் நான். ரோலரில் ஒரு பர்லாங்கை நாள் பூராவும் போய்விட்டு வருகிறவன் நான். முன்னால், பின்னால், முன்னால், பின்னால், ரோடு நீண்டுகொண்டே போகும், நான் போகமாட்டேன், அதில் மற்றவர்கள் ஊர் ஊராகப் போவார்கள். இங்கே பின்னால் வரவே வேண்டியதில்லை. நீல வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கிறது. சில சமயம் நடை பழகுகிற பிள்ளைக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு போவார்களே, விழுந்தால் பிடிக்கலாம் என்று, அப்படி இருக்கும். நான் அப்படி யாருக்குப் பின்னாலும் போனதில்லை. இருபத்தெட்டு வயதுப் பொண்ணுக்குப் பின்னால் இப்போது போகிறேன், வானத்தில். போன வாரம் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உங்கள் கப்பலில் இறங்குகிறேன், அம்மா இங்கே வந்திருக்கிறாள், அவளும் பார்ப்பாள் என்று. நான் உன் அம்மாவிடம் பேசமாட்டேன் என்றேன். பேச வேண்டாம், கப்பலை மட்டும் நிறுத்துங்கள் என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். டேனியல் என்று அவளோடு வேலை பார்க்கிற பையன், அவனும் ஒரு பெரிய கப்பலோடு பக்கத்தில் இருப்பானாம், உங்களுக்குச் சரியாக வரவில்லை என்றால் நான் அதில் இறங்கிக்கொள்வேன், ஒன்றும் கவலைப்படாதீர்கள் என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வானத்துக்குப் போனாலும் அங்கேயும் ஒரு காசிமாயன் மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது கரண்ட் போனால் என்ன செய்வது. ஞாயிற்றுக்கிழமை நிறுத்தமாட்டார்கள், ஆனால் அணில் போய் வயரில் விழுந்தால் ஞாயிறு தெரியுமா அதற்கு. மின்விசிறியைப் பார்க்கிறேன், சுற்றுகிறது. வலது கையைப் பார்க்கிறேன், அதுவும் தன்பாட்டுக்கு ஆடுகிறது. டீ டம்ளரைக் கொடுக்கும்போது செல்லத்தாய் முக்கால் டம்ளர்தான் ஊற்றுகிறாள், ஏன் என்று நான் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. மாமா, இருக்கீங்களா என்கிறாள். இருக்கேன் என்கிறேன். மஞ்சள் கிரகத்துக்கு இந்தப்பக்கம் ஒரு நீலப் புள்ளி, வந்துவிட்டாள், அதற்குத் தள்ளி இன்னொரு பெரிய இருட்டு, அதில் வரிசையாக விளக்கு, அதுதான் அந்த டேனியல், அவன் கப்பல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. என் கப்பலின் முதுகில் ஒரு வளையம் இருக்கிறது, திரையின் மூலையில் அதை மட்டும் தனியாகக் காட்டுகிறது, வளையத்தின் நடுவில் ஒரு ஓட்டை. அதில் அவள் கப்பலின் மூக்கு நேராக வந்து நுழைய வேண்டும். கோணலாக வந்தால் இரண்டும் சேதம். அவள் சொல்லிக்கொண்டே வருகிறாள், வர்றேன் மாமா, மெதுவா வர்றேன் மாமா, நேராப் பிடிச்சுக்கங்க. பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்தேன், நெஞ்சை மேஜையோடு சேர்த்துப் பிடித்தேன், மூச்சை நிறுத்தினேன். நீல வெளிச்சம் கப்பலாக ஆயிற்று, அதன் ஜன்னல்கூடத் தெரிகிறது, வளையம் பச்சை, இன்னும் கொஞ்சம், பச்சை, அப்புறம் வளையம் ஆடியது, சிவப்பு, பச்சை, சிவப்பு, அவள் சடாரென்று மேலே தூக்கிக்கொண்டு விலகிப் போய்விட்டாள். ஒன்றும் ஆகவில்லை, திரும்ப வருகிறேன் என்றாள். இன்னொருதரம் வந்தாள். இன்னொருதரம் சிவப்பு. பிடிக்கப் பிடிக்க அதிகமாக ஆடுகிறது, ஆட ஆட இறுக்கிப் பிடிக்கிறேன். ஸ்பீக்கரில் ஏதோ மணி மாதிரி அடிக்கிறது, அவள் கப்பலில் எரிபொருள் தீர்ந்துகொண்டு வருகிறதாம், அதற்கான மணி. அந்த டேனியல் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறான், குரல் நல்ல பிள்ளை குரல், கெட்டவனாக இருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அப்புறம் அந்தக் குரல் வந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு. கொஞ்சம் தடித்துப் போயிருக்கிறது, தொண்டையில் ஒரு கம்மல், ஆனால் அது என் வீட்டுக் குரல், என் அம்மாவின் குரல் அதன் அடியில் கிடந்தது. என்னிடம் பேசவில்லை, மகளிடம் சொல்கிறாள், "எண்ணெ தீரப்போகுதுடி. அந்தத் தம்பி கப்பல்லயே ஏறிக்க, நேரம் போகுதுல்ல."

நேரம் போகுதுல்ல. என் கை அப்படியே குச்சியை ஒரு பக்கமாக அமுக்கிவிட்டது, கிரகம் சாய்ந்தது, நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக ஓடின. அதே வார்த்தை. நாடு விட்டு நாடு போயும், கடல் தாண்டியும், வானத்துக்கே வந்தும் அதே வார்த்தை. நான் எழுந்துபோய்விடலாம். சுவிட்சை அமுக்கினால் போதும், கருப்பாகிவிடும், இன்னொருதரம் வெறுங்காலோடு நடந்த மாதிரி. கை சுவிட்சுக்குப் போனது என்றுதான் நினைக்கிறேன். அப்போது ரஞ்சனி பேசினாள். முதலில் அந்தப் பையனிடம் இங்கிலீஷில், எனக்கு அதில் இரண்டே வார்த்தைதான் புரிந்தது, நோ என்றாள், மாமா என்றாள். பிறகு அம்மாவிடம், சத்தம் போடாமல், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிச் சொன்னாள். "இல்லம்மா. மாமா வரட்டும். நான் இருக்கேன்." மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் அவள் நீல வெளிச்சம் அங்கேயே நின்றது, முன்னாலும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. காத்திருக்கிறாள். எரிபொருள் தீர்ந்தால் அவள் கப்பல் அந்தக் கருப்பில் தன்பாட்டுக்கு மிதந்துகொண்டே போய்விடும், அவளே சொல்லியிருக்கிறாள், அப்படிப் போன கப்பலை ஒன்றும் செய்ய முடியாது. போகட்டும் என்று காத்திருக்கிறாள். நான் ரோட்டில் தாரில் செருப்பைப் பிடுங்கிப் பிடுங்கி வந்துகொண்டிருக்கிறேன், தட்டு தலைக்குமேலே இருக்கிறது, தூரத்தில் கோயில் மரம் தெரிகிறது, அங்கே யாரோ ஒருத்தி, நான் வருகிற வரைக்கும் குத்தக்கூடாது என்று பிள்ளையை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. தோளில் துடைத்துக்கொண்டேன். "மாமா," என்றாள், "கைய எடுங்க. பிடிக்காதீங்க. அது தானா நிக்கும்." எனக்குப் பயமாக இருந்தது. விட்டால் போய்விடுமே என்று பயமாக இருந்தது, இத்தனை காலமும் பிடித்துப் பிடித்துத்தான் நான் இருந்தேன், பிடிக்காத கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாது. ஒவ்வொரு விரலாக எடுத்தேன். கடைசியாகச் சுண்டுவிரல். குச்சி நடுவில் வந்து நின்றது. கிரகம் மெல்ல நிமிர்ந்தது. நட்சத்திரமெல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன. இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், மல்லாக்க, ஒன்றின்மேல் ஒன்றாக. அங்கே அது நடுங்கட்டும், அங்கே நடுங்கினால் யாருக்கும் ஒன்றுமில்லை.

அவள் வந்தாள். இந்தத் தரம் பேசாமல் வந்தாள். வளையம் பச்சை. பச்சை. இன்னும் பச்சை. கப்பலின் மூக்கு ஓட்டைக்கு நேராக, இம்மி கோணாமல், நூல் கோர்க்கிற மாதிரி உள்ளே இறங்கியது, டொக் என்று ஒரு சத்தம், மணி நின்றது. என் பெரிய கப்பல் ஒரு தடவை லேசாக அமுங்கி நிமிர்ந்தது, ஒரு பாரம் ஏறிக்கொண்ட மாதிரி. வந்துட்டேன் மாமா என்றாள். அந்தப் பையன் கைதட்டினான், தட்டட்டும், நல்லவன்தான். ஸ்பீக்கரில் அங்கே ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு தவமணி மகளிடம் கேட்டாள், இப்ப மாமா கப்பல்லயா இருக்க என்று. ஆமா என்றாள். தவமணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது, அதில் மாற்றமில்லை. நான் ரஞ்சனியிடம்தான் சொன்னேன். "உங்கம்மாகிட்ட கேளு. அந்தச் செருப்ப என்ன செஞ்சாள்னு கேளு." எந்தச் செருப்பு என்று ரஞ்சனிக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் தவமணியிடம் ஒரு சிரிப்பு மாதிரி ஆரம்பித்து, மூச்சு நின்று, விக்கலாக முடிந்தது. "பரண்ல கெடக்குன்னு சொல்லு. தார் போகலன்னு சொல்லு. உங்க மாமாவ வந்து எடுத்துக்கிறச் சொல்லு." ரஞ்சனி சொல்ல ஆரம்பித்தாள், கேட்டுச்சு என்றேன். திரையில் மஞ்சள் கிரகத்தின் வளையம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய நீல விளக்கு என் கப்பலின் முதுகில் அணையாமல் எரிந்தது. செல்லத்தாய் வந்து நிலைப்படியில் நின்றாள், கண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள் நான் கேட்காமலே. சோறு போட்டாயிற்று, கறி ஆறுகிறது, எழுந்து வாருங்கள் என்றாள். கையை மடியை விட்டு எடுக்காமல், குரலைக்கூட உயர்த்தாமல், இப்போது எழுந்திருக்க முடியாது என்றேன்.